எம்டிபி (மலை) சைக்கிளை டியூப்லெஸ் ஆக்குவது: கருவமுள் ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உச்சிப்புளியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் மண்பாதையில் ஒரே காலையில் எனக்கு நாலு பஞ்சர். முன் வீலில் ஒன்று, பின் வீலில் மூன்று. பையில் இருந்ததோ இரண்டு டியூப், கொஞ்சம் ஒட்டு. நாலாவது பஞ்சருக்கு ஒட்டவும் மனசில்லை, ஒட்டும் இல்லை. வெயில் ஏறிவிட்டது, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். முந்தைய நாள் கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டி ஏற்றிய டிராக்டர் அந்த வழியாகப் போயிருக்கிறது. பாதை நெடுகச் சுள்ளி சிந்திக் கிடந்தது. பச்சை முள்ளாவது வளையும். நாலு நாள் வெயில் பட்ட கருவமுள் ஆணி மாதிரி நிற்கும்.

மலையே இல்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில் உனக்கு எதற்குடா மலை சைக்கிள் என்று கேட்காத ஆளில்லை. கண்மாய்க் கரையிலும் பனங்காட்டுக்குள்ளேயும் தேவிபட்டினம் பக்கத்து உவர் மண்ணிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே மேடு பள்ளம் பிரச்சினை இல்லை. மணலும் முள்ளும்தான் பிரச்சினை. அந்த இரண்டுக்குமே டியூப்லெஸ் உதவும். முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். டியூப் நசுங்கிக் கிழியும் பயம் இல்லாததால் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டலாம்.

அது எப்படி அடைக்கிறது என்பது தெரிந்தால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். டியூபை எடுத்துவிட்டு, டயரின் ஓரத்தை ரிம்மில் காற்று போகாதபடி இறுக்கமாக உட்கார வைக்கிறோம். உள்ளே ஒரு டம்ளர் அளவுக்குக் குறைவாகப் பால் போல ஒரு திரவம் கிடக்கும். அதுதான் சீலன்ட். பெரும்பாலான சைக்கிள் சீலன்ட்டுக்கு அடிப்படை ரப்பர் பால். கன்னியாகுமரிப் பக்கம் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பிடிக்கிறார்களே, அதே சரக்கு. அது திரிந்துவிடாமல் இருக்க அம்மோனியா மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், அதனால்தான் பாட்டிலைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கும். முள் குத்திய ஓட்டை வழியாகக் காற்று சீறும்போது பாலும் கூடவே ஓடும். அதில் கலந்திருக்கும் பொடி ஓட்டையில் போய்ச் சிக்கும், வெளிக்காற்று பட்ட பால் அங்கேயே கட்டியாகி அடைத்துவிடும். அதாவது பால் திரவமாக இருக்கும் வரைதான் இந்த வித்தை நடக்கும். நம் ஊர் வெயிலில் இந்த ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது.

ரிம் ஒத்துக்கொள்ளுமா?

காசு செலவழிப்பதற்கு முன்னால் டயரைக் கழற்றி, ரிம்முக்கு உள்ளே பாருங்கள். ஒற்றைச் சுவர் ரிம் என்றால் ஸ்போக்ஸை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள்களின் தலைகள் நேராக உங்களைப் பார்த்து நிற்கும். அதில் டியூப்லெஸ் வேண்டாம். அதற்கு மேல் எவ்வளவு டேப் ஒட்டினாலும் நிற்காது. இரட்டைச் சுவர் ரிம்மில் உள்பக்கம் சமதளமாக இருக்கும், நிப்பிள் ஆழத்தில் ஓட்டைக்குள் தெரியும். இது சரி.

அடுத்து ரிம்மின் ஓரங்களைப் பாருங்கள். டயர் உட்காரும் மேடைக்கும் நடுப் பள்ளத்துக்கும் இடையே விரலில் தட்டுப்படுகிற சின்ன வரப்பு இருந்தால் அது டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ரிம். காற்று குறைந்தாலும் டயர் பள்ளத்துக்குள் வழுக்கி விழாமல் அந்த வரப்புதான் பிடித்துக்கொள்ளும். ரிம்மின் ஸ்டிக்கரில் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியும் இருக்கும்.

டயருக்கும் இதே கணக்கு. பக்கவாட்டில் டியூப்லெஸ் ரெடி என்றோ, மேக்ஸிஸில் டிஆர் என்றோ, ஷ்வால்பேயில் டிஎல்இ, டிஎல்ஆர் என்றோ இருக்க வேண்டும். சாதாரண டயரைச் சாதாரண ரிம்மில் போட்டுப் பாலை ஊற்றி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். சில டயர் நிற்கிறது, சில டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிம்மை விட்டுக் கழன்றுகொள்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டும்போது அந்தச் சோதனை தேவையில்லை.

ரிம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டியூபுக்குள்ளேயே சீலன்ட்டை ஊற்றிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் மாதிரித் தடித்த வால்வு இருக்கிற டியூபில் வால்வின் உள்ளே காற்றைத் திறந்து மூடும் சின்னத் துண்டை, அதாவது கோரை (core), கழற்ற முடியும். அது வழியாக ஊற்றினால் சின்ன முள்ளுக்கு நன்றாகவே தாங்கும். காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும் சுகம் மட்டும் கிடைக்காது.

என்னென்ன வேண்டும்

டியூப்லெஸ் ரிம் டேப், இரண்டு டியூப்லெஸ் வால்வு, சீலன்ட், வால்வு கோர் கழற்றும் சின்னச் சாவி, பிளாஸ்டிக் டயர் லீவர், காற்று அளவு காட்டும் பம்ப். ஊசி இல்லாத 60 மி.லி. சிரிஞ்சும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளலாம். சைக்கிள் சீலன்ட்டும் டேப்பும் எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. மதுரைக்குப் போகும்போது வாங்குவேன், இல்லாவிட்டால் கூரியரில் வரும்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, டூவீலர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வு. அது 11.5 மி.மீ. ஓட்டைக்குச் செய்தது. சைக்கிள் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ., தடித்த ஷ்ரேடர் வால்வுக்கு 8.5 மி.மீ. ஓட்டைதான் இருக்கும். ரிம்மைத் துளைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது ட்ரில்லை எடுத்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் ரிம்மில் பெரிய ஓட்டை இருந்தால் அதற்கேற்ற சைக்கிள் வால்வே தனியாக வருகிறது.

இன்னொன்று, பைக்குக்கும் காருக்கும் ஊற்றும் சீலன்ட். அது பச்சையாகவோ நீலமாகவோ கூழ் மாதிரி இருக்கும், நார் கலந்திருக்கும். கனமான டயரில் அது வேலை செய்யும். சைக்கிள் டயரின் பக்கவாட்டுச் சுவரோ துணி மாதிரி மெல்லியது. அந்த நுண்ணிய ஓட்டைகளில் புகுந்து அடைக்கப் பாலால்தான் முடியும். ஆசைக்கு ஒரு தடவை ஊற்றிப் பார்த்தேன். வீல் கனத்ததுதான் மிச்சம், காற்று மறுநாளே இறங்கிவிட்டது.

டேப் ஒட்டுவது

வேலை கெடுவதும் நிற்பதும் இங்கேதான். டியூப்லெஸ் சரிவரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் டயரைத் திட்டுவார்கள், கோளாறு டேப்பில் இருக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் டயரை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிம்முக்கு உள்ளே அளந்து பாருங்கள். உள் அகலம் 25 மி.மீ. என்றால் 28 முதல் 30 மி.மீ. அகல டேப் வேண்டும். டேப் நடுப் பள்ளத்தில் இறங்கி, இருபக்க மேடையிலும் ஏறி, சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். குறுகலாக இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். சுவர்மேல் ஏறுகிற அளவு அகலமாக இருந்தால் டயர் உட்காரும்போது டேப்பைச் சுருட்டிவிடும்.

பழைய ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு ரிம்மைச் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் என்றால் நம் ஊர்ச் சுத்தம். கடலோரத்தில் நிற்கிற சைக்கிளின் ரிம்முக்குள் உப்புப் பொரிந்து வெள்ளையாகப் படிந்திருக்கும், மணல் மூலையில் ஒளிந்திருக்கும். முதலில் ஈரத் துணியால் உப்பைத் துடையுங்கள், காய்ந்த பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு தடவை. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுவிடும். துடைத்த இடத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குக் காற்றில்லாத அறையாகப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நான் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டினேன். ஒட்டி முடித்துத் தடவினால் டேப்புக்கு அடியில் நெருநெருவென்று மணல். மொத்தத்தையும் பிய்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஒட்டினேன். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. வேர்வை மட்டும் ரிம்மில் சொட்டக் கூடாது.

வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி ஆரம்பியுங்கள். முதல் ஓரிரு அங்குலத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, டேப்பை நன்றாக இழுத்தபடியே சுற்றி வாருங்கள். இழுவை இருந்தால்தான் பள்ளத்துக்குள் இறங்கும். சுருக்கம் விழுந்தால் அதை நீவிச் சமாளிக்கப் பார்க்காமல், அந்த இடம் வரை பின்னோக்கிப் பிரித்துத் திரும்ப ஒட்டுங்கள். நான் இரண்டு சுற்றுப் போடுவேன். முடிவும் வால்வைத் தாண்டி ஒரு சாண் போய் நிற்கட்டும், அப்போது வால்வு ஓட்டையின் மேல் நிச்சயமாக இரண்டு அடுக்கு இருக்கும். பிறகு துணியைச் சுற்றிய விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். காற்றுக் கொப்புளம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு காரியம் சொல்கிறேன். இந்த நிலையில் பழைய டியூபைப் போட்டு, டயரையும் மாட்டி, காற்றடித்து ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளிருந்து டியூப் அழுத்துகிற அழுத்தத்தை எந்த விரலும் கொடுக்க முடியாது. காலையில் பிரித்துப் பார்த்தால் டேப் ரிம்மோடு பெயின்ட் அடித்த மாதிரி ஒட்டியிருக்கும். டயரைக் கழற்றும்போது ஒரு பக்க ஓரத்தை மட்டும் விடுவித்து டியூபை உருவுங்கள். மறுபக்கம் ரிம்மில் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், பின்னால் பாதி வேலை மிச்சமாகும்.

வால்வு

வால்வு ஓட்டைக்கு நேரே டேப்பைக் கத்தியால் கிழிக்காதீர்கள். கீறல் ஓரத்திலிருந்து பிளந்துகொண்டே போகும். மெல்லிய ஆணியைக் குறட்டில் பிடித்து அடுப்பில் சூடாக்கி, உள்பக்கமிருந்து நடுவில் குத்துங்கள். பிளாஸ்டிக் உருகி ஓட்டையின் ஓரம் மழுங்கிவிடும், அதன் பிறகு கிழியாது. ஓட்டை வால்வைவிடச் சிறியதாக இருக்கட்டும், வால்வை அழுத்தித் திணிக்க வேண்டும்.

உள்ளே ரப்பர் அடி உட்கார்ந்ததும் வெளியே மரையில் நட்டைப் போட்டுக் கையால் இறுக்குங்கள். விரலால் மட்டும். குறடு போட்டு இறுக்கியவன் படுகிற பாட்டை நான் பட்டிருக்கிறேன். வழியில் பெரிதாகக் கிழிந்து டியூப் போட வேண்டி வந்தால் இந்த வால்வைக் கழற்றியாக வேண்டும், உப்புக் காற்றில் அலுமினிய நட்டு மரையோடு பூத்துப் பிடித்திருந்தால் விரலுக்கு அசையாது. மாட்டுவதற்கு முன்னால் மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்துவிடுங்கள். கிடைத்தால் பித்தளை வால்வாக வாங்குங்கள். கலர் கலராக வருகிற அலுமினிய வால்வு கடலோரத்துக்கு ஆகாது.

டயர் மாட்டி ரிம்மில் உட்கார வைப்பது

மடித்து வந்த புது டயர் என்றால் அரை மணி நேரம் வெயிலில் விரித்துப் போடுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஹேர் டிரையர் தேடுவார்கள், நமக்கு மொட்டை மாடி போதும். ரப்பர் இளகி மடிப்பு போய்விடும். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும், அது சுழலும் திசை. அதைப் பார்க்காமல் மாட்டிவிட்டுப் பாலும் ஊற்றிய பிறகு கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாருங்கள்.

ஒரு ஓரத்தை முழுக்க உள்ளே இறக்கிவிட்டு மற்ற ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு முழம் இறுகி நிற்கும். அப்போது பலத்தைக் காட்டாமல், ஏற்கனவே மாட்டிய பகுதியை விரலால் நெருக்கி நடுப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் இங்கே தளர்வு கிடைக்கும். லீவர் போட்டால் பிளாஸ்டிக் லீவர்தான். இரும்பு லீவர் டேப்பைக் குத்திவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாலை ஊற்றாமல் முதலில் வெறும் காற்றில் உட்கார வைத்துப் பாருங்கள். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரைக் கழற்றிவிட்டுக் காற்றைச் சட்டென்று மொத்தமாக விட வேண்டும். மெதுவாக அடிக்கிற காற்று ஓரத்து இடைவெளி வழியே போய்க்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் இருக்கிற பஞ்சர் கடைக்குப் போவது சுலபம். எங்கள் ஊர் பாய் கடையில் நான் முதல் தடவை வீலை நீட்டியபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு டியூப்லெஸ்ஸா? நம்ம புல்லட்டே இன்னும் டியூபுலதான் தம்பி ஓடுது."

கடைக் கம்ப்ரஸரின் முனைக்குப் பொருந்துவதற்காகப் பிரெஸ்டா வால்வில் மாட்டும் சின்னப் பித்தளை அடாப்டர் கோரின் தலையில்தான் மரையேறும். கோரைக் கழற்றிவிட்டால் அடாப்டர் மாட்ட இடமில்லை. அதனால் கடையில் தூசி ஊதுவதற்கு வைத்திருக்கும் ஏர் கன்னைக் கேளுங்கள். அதன் முனையை வெறும் வால்வின் வாயில் அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அடிக்க வேண்டும். டப், டப் என்று இரண்டு மூன்று சத்தம் வரும். டயர் ஓரம் மேடையில் ஏறி உட்கார்கிற சத்தம் அது. பாய் முதல் சத்தத்துக்கே கையை எடுத்துவிட்டார், டயர் வெடித்துவிட்டதென்று நினைத்து. முகத்தை வீலுக்கு நேரே வைக்காதீர்கள். ரிம்மிலும் டயரிலும் அதிகபட்சக் காற்று எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. ஏர் கன்னில் அளவு தெரியாது என்பதால் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கன்னை எடுத்ததும் காற்று முழுக்கப் போய்விடும், பதற வேண்டாம். உட்கார்ந்த டயர் உட்கார்ந்தபடியே நிற்கும்.

கம்ப்ரஸர் இல்லாத இடத்தில் மீன்பிடிக் கயிறு உதவும். டயரின் நடுமுதுகில் நைலான் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு குச்சியைக் கோத்து முறுக்குங்கள். நடுவில் அமுங்கும் டயர் ஓரங்களை வெளியே தள்ளி ரிம்மோடு ஒட்ட வைக்கும். அந்த நிலையில் கால் பம்பே போதும். டயர் பிடித்ததும் கயிற்றைத் தளர்த்திவிட்டு அடியுங்கள்.

உட்கார்ந்த பிறகு வீலைச் சுற்றிப் பாருங்கள். டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்று.

பால் ஊற்றுவது

பாட்டிலை நன்றாக, கை வலிக்கும் வரை குலுக்குங்கள். ஓட்டையில் போய்ச் சிக்க வேண்டிய பொடி அடியில் தங்கியிருக்கும். 29 இன்ச் வீலில் 2.2, 2.3 இன்ச் அகல டயருக்கு நான் முன்னால் 100 மி.லி., பின்னால் 120 மி.லி. ஊற்றுகிறேன். சில பாட்டிலில் இதைவிடக் குறைவாகவே போட்டிருக்கும், கருவமுள்ளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும். வால்வு கடிகாரத்தில் நாலு மணி முள் இருக்கிற இடத்தில் நிற்கும்படி வீலைத் திருப்பி, சிரிஞ்சை வால்வில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். உடனே கோரை மாட்டி, பிரெஸ்டாவுக்கு ஏற்ற பம்பால் 30 பிஎஸ்ஐ வரை அடியுங்கள். மெல்லிய ரிம் என்றால் அச்சடித்த எல்லையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வீலைக் கையில் பிடித்து, அரிசி புடைப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குலுக்கிக்கொண்டே சுற்றுங்கள். பக்கவாட்டுச் சுவரில் வெள்ளையாக முத்து முத்தாக வேர்க்கும். புது டயருக்கு அது சகஜம், அடைபடுகிறது என்று அர்த்தம். வாளியின் மேல் வீலைப் படுக்க வைத்து ஒரு பக்கம் பத்து நிமிடம், திருப்பிப் போட்டுப் பத்து நிமிடம். உடனே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஓட்டாமல் சுவரில் சாத்தி வைத்தால் பால் அடியில் தேங்கும், மேல்பாதி அடைபடாது.

மறுநாள் காலையில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. தட்டையாகக் கிடந்தால் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை எங்கே வருகிறது என்று பாருங்கள். டயர் ஓரத்தில் என்றால் குலுக்கி, ஓட்டினால் சரியாகும். வால்வைச் சுற்றி என்றால் நட்டை விரலால் இன்னும் ஒரு கால் சுற்று. ஸ்போக்ஸ் ஓட்டை வழியாக நுரை வந்தால் டேப் பிடிக்கவில்லை. அங்கே ஒரு தந்திரமும் பலிக்காது. சில நேரம் ஸ்போக்ஸ் ஓரமாகப் பாலே எட்டிப் பார்க்கும். என் முதல் வீலில் அப்படி வடிந்ததைத் துடைத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டினேன். அம்மோனியாவும் உப்பும் சேர்ந்து அலுமினிய நிப்பிளை அரித்து, பாதையில் இரண்டு ஸ்போக்ஸ் கழன்று தொங்கியது. டேப்பைப் பிய்த்துத் திரும்ப ஒட்டுவதுதான் ஒரே வழி.

எவ்வளவு காற்று

டியூப் இருந்தபோது அடித்த 35, 40-ஐ மறந்துவிடுங்கள். என் எடை 70 கிலோவை ஒட்டி. கண்மாய்க் கரை, பனங்காட்டு மண்பாதைக்கு முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ. தார் ரோடு மட்டும் என்றால் 25, 28. மணலுக்கு 15, 17 வரை இறக்குவேன். மணலில் புதையாமல் மேலே மிதந்து போகும் அந்தச் சுகத்துக்காகவே இத்தனை பாடும் படலாம். உங்கள் எடை கூடவோ குறையவோ இருந்தால் பத்துக் கிலோவுக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பின் ரிம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டால் குறைத்தது அதிகம். மணலுக்கு இறக்கிய காற்றோடு பாம்பன் சாலைப் பாலத்து இரும்பு இணைப்புகளில் வேகமாக ஏறாதீர்கள், ரிம் நசுங்கும்.

பைக் கடை மீட்டரில் இந்தச் சின்ன அளவுகளை நம்ப முடியாது. சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று சொந்தமாக இருக்கட்டும். வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலை 27 டிகிரியில் 24 அடித்துக் கிளம்பி, மதியம் தார் சூட்டில் டயர் 57 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ தானே கூடியிருக்கும். அதனால் எப்போதும் விடியற்காலையில் அளவு பாருங்கள், மதியம் பார்த்து இறக்கிவிடாதீர்கள்.

வெயிலும் உப்பும்

மாட்டி முடித்ததோடு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் டியூபோடே இருக்கலாம். குளிர் ஊர்களில் ஆறு மாதம் திரவமாக இருக்கிற பால் இங்கே கோடையில் இரண்டு மாதத்தில் கட்டியாகிவிடும். சைக்கிளை வெயிலில் நிறுத்துகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். காய்ந்த பால் உள்ளே ரப்பர் உருண்டையாகக் கிடக்கும், முள் குத்தினால் உதவாது. அதில் மோசம் என்னவென்றால் பழைய ஓட்டைகள் அடைபட்டே இருப்பதால் காற்று நிற்கும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

மாதம் ஒருமுறை காற்றை இறக்கிவிட்டு, கோரைக் கழற்றி, வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து மெல்லிய ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். நுனி நனைந்து வெள்ளையாக வந்தால் பால் இருக்கிறது. காய்ந்தோ பிசினாகவோ வந்தால் 60 மி.லி. ஊற்றுங்கள். நான் பங்குனி தொடங்கி ஆடி வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்காமலேயே ஊற்றிவிடுவேன். வருடத்துக்கு ஒருமுறை டயரைக் கழற்றி உருண்டைகளை அள்ளிப் போட்டுவிட்டு, டேப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உப்புக்குக் கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். குடத்துக்கு வரிசையில் நிற்கிற ஊரில் குடிதண்ணீரை எடுத்துச் சைக்கிளில் ஊற்றினால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய துணியும் போதும். வால்வைச் சுற்றியும் நிப்பிள்களையும் துடைத்துவிடுங்கள். வால்வு மூடியை மட்டும் தொலைக்காதீர்கள்.

வழியில்

முள் ஏறியிருப்பதைப் பார்த்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று இறங்காவிட்டால் அப்படியே ஓட்டி வீட்டுக்கு வந்து பிடுங்கலாம். பிடுங்குகிறபோது அந்த இடத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பிக்கொள்ளுங்கள், பால் அங்கே ஓடி வரும். சர்ரென்று கொஞ்சம் பீய்ச்சி நின்றுவிடும். வெள்ளை வேட்டி கட்டியவர்கள் தள்ளி நிற்கவும்.

பால் அடைக்காத பெரிய ஓட்டைக்கு ரப்பர் திரி குத்த வேண்டும். பைக் பஞ்சர் கடைத் திரி சைக்கிள் டயருக்குத் தடிமன், ஓட்டையை இன்னும் பெரிதாக்கும். சைக்கிளுக்கென்று மெல்லிய திரி ஊசியோடு வருகிறது, அதைப் பையில் வைத்திருங்கள்.

திரிக்கும் அடங்காத ஒன்று பனங்கருக்கு. காய்ந்த மட்டை பாதையில் குறுக்கே கிடக்கும், அதன் ஓரத்து அரம் டயரின் பக்கவாட்டை ரம்பம் போட்ட மாதிரி இழுத்துவிடும். அதற்குப் பாலும் ஆகாது, திரியும் ஆகாது. அதனால்தான் டியூப்லெஸ் ஆன பிறகும் ஒரு டியூப், பம்ப், டயர் துண்டு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் வைத்திருங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டதே தவிர, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது, பஞ்சர் கடையை எதிர்பார்க்கவே வேண்டாம்.

டியூபை உள்ளே போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அவசரத்தில் எல்லோரும் மறப்பது. மாதக்கணக்கில் குத்திய முட்கள் எல்லாம் ஒடிந்து டயருக்குள்ளேயே நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை நாள் பால் அடைத்து வைத்திருந்ததால் தெரியாது. அப்படியே டியூபைப் போட்டால் பம்பை எடுத்து வைப்பதற்குள் இறங்கிவிடும். விரலால் தடவினால் விரல் போகும். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே சுற்றித் தடவுங்கள், முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கிவிட்டு, கிழிந்த இடத்தில் டயர் துண்டை உள்பக்கம் வைத்து, பிறகு டியூபைப் போடுங்கள். கடைசியாக நான் இதைச் செய்தபோது பின் டயரில் மட்டும் பதினேழு முள் இருந்தது. அவ்வளவும் குத்தியது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.